எந்தப் பாடம் சயன்ஸ்? அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் பாடங்களை வகைப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

"அம்மா, இதை பயாலஜின்னு போடவா, சைக்காலஜின்னு போடவா?"

என் மகள் இதைக் கேட்டபோது இரவு மணி பதினொன்று. மேஜையில் அவளுடைய டிரான்ஸ்கிரிப்ட், அதாவது காலேஜ் மதிப்பெண் பட்டியல், கிடந்தது. அவள் விரல் வைத்திருந்த வரியில் 'பிஹேவியரல் நியூரோசயன்ஸ், 3 கிரெடிட், ஏ மைனஸ்' என்று இருந்தது. வகுப்பை நடத்தியது சைக்காலஜி துறை. பாடமோ முழுக்க நியூரான், சினாப்ஸ், மூளையின் பகுதிகள். அந்த ஒரு வரியைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது வந்து அதே மேஜையில் உட்காருகிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில், எதற்காக இந்த வேலை

அமெரிக்காவில் எம்.டி. (இங்கே டாக்டராவதற்கான முதல் பட்டம்) படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம்தான். அதை நடத்துவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி. காலேஜில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் மாணவரே அதில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வகையையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வை வைத்து ஆம்காஸ் மூன்று ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கிடும்: பிசிபிஎம், மற்றவை, மொத்தம்.

பிசிபிஎம் என்பது பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத். பேச்சில் 'சயன்ஸ் ஜிபிஏ' என்று சொல்வது இதைத்தான். மெடிக்கல் ஸ்கூலின் தேர்வுக் குழு, நுழைவுத் தேர்வான எம்கேட் மதிப்பெண்ணோடு சேர்த்துத் தனியாகப் பார்க்கும் எண் இது. மாணவரின் மேஜர் (முதன்மைப் பாடம்) என்ன என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. இசை மேஜர் எடுத்தவர் படித்த பயாலஜியும் பிசிபிஎம்தான். பயாலஜி மேஜர் எடுத்தவர் படித்த சமூகவியல் பிசிபிஎம் இல்லை.

முதல் படி: எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் கையில் எடுங்கள்

நம் வீடுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். பதினோராம் வகுப்பிலேயே பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் 'டூயல் என்ரோல்மென்ட்' என்று ஒன்றிரண்டு பாடம் எடுத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தோடு அது முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். முடியவில்லை. கல்லூரி கிரெடிட் கொடுத்த பாடம் எதுவாக இருந்தாலும் ஆம்காஸில் வந்தாக வேண்டும். 'ஹைஸ்கூல்' என்ற தனி வரிசையில் உட்கார்ந்து அது மொத்த ஜிபிஏவிலும் சேரும். போன வருடம் வந்த ஒரு பையன் 16 வயதில் எடுத்த காலேஜ் ஆல்ஜிப்ராவில் சி வாங்கியதையே மறந்திருந்தான். ஆல்ஜிப்ரா மேத் வகை. மேத் வகை என்றால் பிசிபிஎம். அவன் மனதில் வைத்திருந்த சயன்ஸ் ஜிபிஏவும் ஆம்காஸ் தரப்போகும் எண்ணும் வேறு வேறு என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மே மாதத் தொடக்கத்திலேயே தெரிந்ததால் பிழைத்தான்.

கோடை விடுமுறையில் வேறொரு காலேஜில் எடுத்த பாடம், இடம் மாறும் முன் படித்த காலேஜ், ஒரே ஒரு வகுப்பு எடுத்த இடம் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் தனித்தனியாக அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் ஆம்காஸுக்குப் போக வேண்டும். இப்போதைய காலேஜின் டிரான்ஸ்கிரிப்டில் பழைய பாடங்கள் 'டிரான்ஸ்ஃபர்' என்று இருந்தாலும் அது போதாது.

பள்ளியில் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி மூலம் கிரெடிட் கிடைத்திருந்தால் அதையும் பதிவு செய்து வகை கொடுங்கள். கிரேடு கிடையாது, ஆகவே ஜிபிஏவை அது தொடாது. பாஸ் அல்லது ஃபெயில் முறையில் எடுத்த பாடமும் அப்படித்தான். கிரெடிட் எண்ணிக்கையில் வரும், ஜிபிஏவில் வராது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இங்கே வந்து டாக்டராக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கல்லூரியின் பெயரை ஆம்காஸில் குறிப்பிட வேண்டும். ஆனால் அங்கே வாங்கிய மதிப்பெண்களை ஆம்காஸ் சரிபார்க்காது, ஜிபிஏவிலும் சேர்க்காது. எவ்வளவு நல்ல மார்க்காக இருந்தாலும் இதுதான் நிலை. இங்கே படிக்கும் பாடங்களிலிருந்துதான் உங்கள் பிசிபிஎம் எழும்பும். கனடாவில் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அந்த டிரான்ஸ்கிரிப்டை ஆம்காஸ் ஏற்கும்.

இரண்டாம் படி: சந்தேகமில்லாதவற்றை முதலில் முடியுங்கள்

பாடத்தின் பெயர், எண், கிரெடிட், கிரேடு எல்லாம் டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே இருக்கட்டும். அந்த வேலையோடு சேர்த்து, சுலபமான பாடங்களுக்கு வகையையும் கொடுத்துவிடலாம்.

பயாலஜி வகையில் அனாட்டமி, பிசியாலஜி, செல் பயாலஜி, ஜெனடிக்ஸ், மைக்ரோபயாலஜி, இம்யூனாலஜி, மாலிக்யூலர் பயாலஜி, ஈகாலஜி, தாவரவியல், விலங்கியல், பூச்சியியல், பயோபிசிக்ஸ், பயோடெக்னாலஜி, நியூரோசயன்ஸ் எல்லாம் அடக்கம். கெமிஸ்ட்ரியில் ஜெனரல், ஆர்கானிக், பிசிக்கல் கெமிஸ்ட்ரியோடு பயோகெமிஸ்ட்ரியும் வரும். பயோகெமிஸ்ட்ரியை பயாலஜி துறை நடத்தினாலும் வகை கெமிஸ்ட்ரிதான். இரண்டும் பிசிபிஎம் என்பதால் ஜிபிஏ மாறாது, இருந்தாலும் சரியாகவே போடுங்கள். பிசிக்ஸில் வானியலும் சேர்த்தி. மேத்தில் கால்குலஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், பயோஸ்டாடிஸ்டிக்ஸ், அப்ளைடு மேத்.

இங்கே பாடத்தின் கடினத்தை யாரும் பார்ப்பதில்லை. சயன்ஸ் மேஜர் இல்லாதவர்களுக்கென்று நடத்தும் எளிய வானியல் வகுப்பும் பிசிக்ஸ்தான், ப்ரீகால்குலஸும் மேத்தான்.

மூன்றாம் படி: இழுபறிப் பாடங்கள்

பொறுமை வேண்டியது இந்தப் படிக்குத்தான். ஒரு வழக்கமான டிரான்ஸ்கிரிப்டில் நாற்பது பாடம் இருந்தால் முப்பத்தைந்து தானாகவே இடம் பிடித்துவிடும். மிச்சம் உள்ள நாலைந்துதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆம்காஸின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று: பாடத்தின் முதன்மையான உள்ளடக்கம் எதுவோ, அதுவே வகை. நடத்திய துறை எது, பாட எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்பது ஒரு தடயம் மட்டும்தான், அதுவே தீர்ப்பு ஆகாது.

சைக்காலஜியில் தொடங்குவோம். இன்ட்ரோ சைக்காலஜி, அப்நார்மல், டெவலப்மென்டல், சோஷியல் சைக்காலஜி எல்லாம் 'பிஹேவியரல் அண்ட் சோஷியல் சயன்ஸ்' என்ற வகை. பெயரில் சயன்ஸ் இருக்கிறது, பிசிபிஎம்மில் இல்லை. 2015 முதல் எம்கேட் தேர்வில் சைக்காலஜிக்கும் சமூகவியலுக்கும் ஒரு முழுப் பகுதி இருப்பதால் இவை சயன்ஸில் சேரும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். எம்கேட் வேறு, ஆம்காஸ் வகைப்பாடு வேறு. ஆனால் அதே துறை நடத்தும் 'ஸ்டாடிஸ்டிக்ஸ் ஃபார் சைக்காலஜி' மேத் வகைக்குப் போகும், ஏனென்றால் உள்ளே இருப்பது டி-டெஸ்ட்டும் ரிக்ரெஷனும். நியூரோசயன்ஸ் உள்ளடக்கம் கொண்ட பாடம் பயாலஜிக்குப் போகும்.

என் மகளின் பாடத்துக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சிலபஸை அச்செடுத்தோம். அதில் வாரவாரியாக 14 வாரம். பயாலஜி என்று சொல்லத்தக்க வாரத்துக்குப் பச்சை, நடத்தை பற்றிய வாரத்துக்கு மஞ்சள் என்று ஹைலைட்டரால் கோடு போட்டாள். ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் பச்சை. நியூரோடிரான்ஸ்மிட்டர் பச்சை. பார்வை நரம்பின் பாதை பச்சை. தூக்கம்? அங்கே நின்றாள். பக்கத்தில் இருந்த வாசிப்புப் பட்டியலைப் பார்த்தோம்: ஹைப்போதாலமஸ், மெலடோனின். பச்சை. கடைசியில் 10 பச்சை, 3 மஞ்சள், ஒரு வாரம் தேர்வு. கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. இது ஆம்காஸ் சொன்ன முறை இல்லை, நாங்களாகக் கண்டுபிடித்தது. ஆனால் உள்ளடக்கம் என்ன என்பதை உங்களுக்கே கண்ணால் காட்டும். பிறகு யாராவது கேட்டால் காட்டுவதற்கும் கையில் ஒரு தாள் இருக்கும்.

அடுத்தது ஹெல்த் சயன்ஸ். இங்கேதான் நிறையப் பிள்ளைகளின் மனம் உடைகிறது. நியூட்ரிஷன், கினீசியாலஜி (உடல் அசைவு பற்றிய படிப்பு), நர்சிங், பப்ளிக் ஹெல்த், பார்மகாலஜி, மெடிக்கல் டெக்னாலஜி எல்லாம் ஹெல்த் சயன்ஸ் வகை, பிசிபிஎம்முக்கு வெளியே. டாக்டராகத்தானே போகிறோம், மருத்துவத்துக்கு இவ்வளவு நெருக்கமான பாடம் எப்படி சயன்ஸ் இல்லாமல் போகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. கினீசியாலஜி மேஜர் எடுத்த பிள்ளை முதல் வருடத்திலேயே இதைத் தெரிந்துகொண்டால், பிசிபிஎம்மில் கணக்கில் வரும் பாடங்களைப் போதிய அளவுக்கு எடுக்கத் திட்டமிடலாம். அதே துறைகளுக்குள்ளும் உட்பிரிவு உண்டு. நர்சிங் துறை நடத்தும் அனாட்டமி அண்ட் பிசியாலஜி பயாலஜிதான். பப்ளிக் ஹெல்த்தில் எபிடெமியாலஜி ஹெல்த் சயன்ஸ், பயோஸ்டாடிஸ்டிக்ஸ் மேத். எக்சர்சைஸ் பிசியாலஜி என்றால் சிலபஸைத் திறங்கள். தசை எப்படி ஆற்றலை உண்டாக்குகிறது, இதயத் துடிப்பு எப்படி மாறுகிறது என்று போனால் பயாலஜி என்று தாராளமாக வாதாடலாம். விளையாட்டு வீரருக்குப் பயிற்சி அட்டவணை போடுவது என்றால் ஹெல்த் சயன்ஸ்.

பூமி சார்ந்த பாடங்களுக்கு 'நேச்சுரல் அண்ட் பிசிக்கல் சயன்ஸ்' என்று ஒரு வகை இருக்கிறது. ஜியாலஜி, வானிலையியல், கடலியல், வேளாண்மை, சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும் இதில் வரும். இதுவும் பெயரளவில் சயன்ஸ், பிசிபிஎம் கிடையாது. ஈகாலஜி மட்டும் பயாலஜி. 'என்விரான்மென்டல் சயன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே முழுக்க ஈகாலஜி நடத்தும் வகுப்புகளும் உண்டு. அங்கேயும் அதே பச்சை மஞ்சள் வேலைதான்.

இன்ஜினியரிங் பாடங்கள் பொதுவாக இன்ஜினியரிங் வகையிலேயே இருக்கும், பயோமெட்டீரியல்ஸ் போன்றவையும்கூட. ஆனால் தெர்மோடைனமிக்ஸ் என்ற பெயர் ஆம்காஸ் பட்டியலில் கெமிஸ்ட்ரியின் கீழ் இருக்கிறது. இன்ஜினியர்களுக்கான டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் மேத். கம்ப்யூட்டர் சயன்ஸ் தனி வகை, பிசிபிஎம்மில் இல்லை. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் நடுவில் நிற்கும். மாணவர் பெரும்பாலும் புரோகிராம் எழுதினாரா, ஜீன் வரிசையைப் படித்தாரா என்பதே கேள்வி.

ஆந்த்ரோபாலஜியும் இப்படித்தான். துறை சோஷியல் சயன்ஸ் பக்கம். ஆனால் எலும்புகளின் அமைப்பு, மரபணு, பரிணாமம் என்று போகும் பயாலஜிக்கல் ஆந்த்ரோபாலஜி பாடத்தை பயாலஜியில் வைக்கக் காரணம் இருக்கிறது. பயோஎதிக்ஸ் தத்துவம். மருத்துவ வரலாறு வரலாறு. மெடிக்கல் டெர்மினாலஜி ஹெல்த் சயன்ஸ். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆராய்ச்சிக்கு வாங்கிய கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் 'இண்டிபெண்டன்ட் ஸ்டடி' என்று மொட்டையாக இருக்கும். ஈஸ்ட் செல்லை வளர்த்தீர்களா, கேள்வித்தாள் விநியோகித்தீர்களா என்பதைப் பொறுத்து வகை கொடுங்கள். வழிநடத்திய பேராசிரியரிடம் அந்த வேலையை இரண்டு வரியில் மின்னஞ்சலாக வாங்கி வைப்பது நல்லது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். நியூரோசயன்ஸில் ஏ வந்ததால் பயாலஜி, இன்னொரு நியூரோசயன்ஸில் சி வந்ததால் சைக்காலஜி என்று போட்டால், எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். விண்ணப்பத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று மாணவர் உறுதி கொடுத்துத்தான் அனுப்புகிறார். நான் பிள்ளைகளிடம் கிரேடு பத்தியை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு வகை கொடுக்கச் சொல்வேன். வகை கொடுத்து முடித்த பிறகு தாளை எடுக்கலாம்.

நான்காம் படி: நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆம்காஸில் ஏ பிளஸ், ஏ இரண்டும் 4.0. ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, பி மைனஸ் 2.7, இப்படியே இறங்கும். கிரேடு எண்ணை கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். செமஸ்டருக்குப் பதில் வருடத்தைக் குவார்ட்டர்களாகப் பிரிக்கும் காலேஜ் என்றால் ஒரு குவார்ட்டர் கிரெடிட் 0.667 செமஸ்டர் கிரெடிட்டாக மாறும். ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்திருந்தால் இரண்டு கிரேடும் கணக்கில் வரும். காலேஜ் பழைய கிரேடை அழித்திருந்தாலும் ஆம்காஸ் அழிக்காது.

ஒரு முதலாமாண்டு மாணவரை எடுத்துக்கொள்வோம். நான்கும் 4 கிரெடிட் பாடங்கள்: பயாலஜி ஏ, கெமிஸ்ட்ரி பி பிளஸ், கால்குலஸ் ஏ மைனஸ், பிசிக்ஸ் பி. பெருக்கினால் 16, 13.2, 14.8, 12. கூட்டினால் 56. பதினாறால் வகுத்தால் 3.50. இதோடு 3 கிரெடிட் ஸ்டாடிஸ்டிக்ஸில் ஏ சேர்ந்தால் 68-ஐ 19-ஆல் வகுக்க வேண்டும், 3.58. பெரிய ஏற்றம் போலத் தெரியும். ஆனால் விண்ணப்பிக்கும் நேரத்தில் 60 பிசிபிஎம் கிரெடிட் 3.50-ல் நிற்கிறது என்றால், அதே ஏ சேர்ந்ததும் கிடைப்பது 3.52.

இழுபறிப் பாடம் ஒன்றை இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தள்ளினாலும் கடைசியில் மாறுவது இவ்வளவுதான். இதற்காக மூன்று நாள் குழம்பிக்கொண்டு விண்ணப்பத்தைத் தாமதம் செய்யும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குத் தாங்கவில்லை.

ஆக்கோமாஸும் டெக்சாஸும்

டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், இதுவும் டாக்டராகும் வழிதான்) கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ் என்று வேறு விண்ணப்பம். அதன் சயன்ஸ் ஜிபிஏவில் மேத் சேராது. மேலே சொன்ன அதே மாணவருக்கு கால்குலஸை எடுத்துவிட்டால் 41.2-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், 3.43. ஸ்டாடிஸ்டிக்ஸில் ஏ வாங்கியது அங்கே சயன்ஸ் ஜிபிஏவுக்கு உதவாது. திரும்ப எடுத்த பாடத்தின் பழைய கிரேடை ஆக்கோமாஸ் விட்டுவிடும் என்று இன்னமும் சில அண்ணன்மார் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த வசதி 2017-லேயே போய்விட்டது.

டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கான டிஎம்டிஎஸ்ஏஎஸ் மேத்தைச் சேர்க்கும், ஆனால் பிளஸ், மைனஸ் பார்க்காது. ஏ மைனஸ் முழு 4.0, பி பிளஸ் வெறும் 3.0. மூன்று இடத்துக்கும் விண்ணப்பிப்பவர்கள் மூன்று கணக்கையும் தனித்தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொடுத்த வகைகளை அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிப்போடாதீர்கள்.

ஐந்தாம் படி: அனுப்பிய பிறகு

ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மாதக் கடைசியை ஒட்டி அனுப்பத் தொடங்கலாம். விண்ணப்பமும் எல்லா டிரான்ஸ்கிரிப்டும் வந்து சேர்ந்த பிறகே சரிபார்ப்பு வரிசையில் உங்கள் பெயர் ஏறும். கூட்டமான நேரத்தில் அது ஆறு வாரம் வரை இழுக்கும். சரிபார்ப்பவர் உங்கள் வரிகளை டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுவார். தவறுகள் மிக அதிகமாக இருந்தால் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு வகை தெளிவாகப் பொருந்தவில்லை என்றால் அவரே மாற்றிவிடுவார். அனுப்பிய பின் பாடப் பகுதியில் நீங்களாக எதையும் திருத்த முடியாது.

சரிபார்த்து முடித்த மின்னஞ்சல் வந்த அன்றே உள்ளே போய் ஒவ்வொரு வரியையும் பாருங்கள். மாற்றப்பட்ட வகை தவறு என்று நினைத்தால் 'அகாடமிக் சேஞ்ச் ரிக்வெஸ்ட்' அனுப்பலாம், அதற்கு 10 நாள்தான் அவகாசம். வாதம் உள்ளடக்கத்தைப் பற்றி இருக்கட்டும்: எத்தனை வாரம் எதை நடத்தினார்கள், காலேஜ் கேட்டலாக்கில் பாட விளக்கம் என்ன சொல்கிறது. இந்தப் பாடம் எனக்கு மிகவும் முக்கியம் என்று எழுதுவதால் பலன் இல்லை.

என் மகளுக்கு அந்த மின்னஞ்சல் ஜூலையில் வந்தது. பிஹேவியரல் நியூரோசயன்ஸ் பயாலஜியாகவே இருந்தது. 'ஹியூமன் நியூட்ரிஷன்' பாடத்தையும் பயாலஜியில் போட்டிருந்தாள், அதை மட்டும் ஹெல்த் சயன்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். பிசிபிஎம் 0.02 குறைந்தது. "கேட்டுப் பார்க்கலாமாம்மா?" என்றாள். ஆம்காஸின் வகைப் பட்டியலை எடுத்துக் காட்டினேன், நியூட்ரிஷன் என்ற சொல்லே அங்கே ஹெல்த் சயன்ஸின் கீழ் அச்சாகியிருந்தது. விட்டுவிட்டோம்.

அவளுக்கு உண்மையில் நேரம் போனது பழைய சிலபஸ்களைத் தேடியதில்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய வகுப்புகளின் பக்கங்களை காலேஜ் தளத்தில் மூடியிருந்தார்கள். நான்கு பேராசிரியர்களுக்கு எழுதினாள். இருவர் உடனே அனுப்பினார்கள், ஒருவர் ஓய்வு பெற்றிருந்தார், ஒருவரிடமிருந்து பதிலே இல்லை. இப்போது அவள் தம்பி முதலாம் ஆண்டு. ஒவ்வொரு செமஸ்டரும் முதல் வாரத்திலேயே ஐந்து சிலபஸையும் இறக்கி, பாட எண்ணையும் வருடத்தையும் பெயராக வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுகிறான். அக்காதான் சொல்லிக் கொடுத்தாள்.